பச்சைதான்

பார்வை போன பிறகு வெந்நீர் ஊற்றில் குளிக்க வந்தால் கனகசபைக்கு மனைவி ரஞ்சிதத்தின் வாய்தான் கண். அந்தப் பாறைகளில் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் கோடிக்கணக்கில் சேர்ந்து நிறநிறமாகப் படர்ந்திருக்கும். பச்சை படர்ந்த இடத்தில் தாராளமாக இறங்கலாம். ஆரஞ்சு என்றால் கால் கொப்பளித்துவிடும். ஊற்றின் வாயருகே எந்த உயிரும் ஒட்டாது; வெறும் பாறைதான். கொதிப்பு கூடக் குறைய நிறங்களும் இடம் மாறும் என்பதால், பழகிய தடத்தை நம்ப முடியாது. கல்யாணமான புதிதில் இதையெல்லாம் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான்.

இன்று அவள் கரையைச் சுற்றி அழைத்துவந்து, கையை விட்டுவிட்டுப் பின்னால் நின்றுகொண்டாள்.

"இன்னும் கொஞ்சம் முன்னால போங்க."

கந்தக நெடி மூக்கில் ஏறியது. "என்ன நிறம்?"

"பச்சைதான்."

பச்சை என்றால் காலடியில் வெண்ணெய் மாதிரி வழுக்கும். அவர் பெருவிரலால் பாறையைத் தடவினார். உப்புத்தாள் போலச் சொரசொரத்தது. அடியெடுத்து வைக்கும் தூரத்தில் தண்ணீர் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது.

"நல்லாப் பாத்துச் சொல்லு, ரஞ்சிதம்."

"பாத்துட்டுத்தான் சொல்றேன். பச்சை."

அவர் கோபப்படவில்லை. காலைப் பின்னுக்கு இழுக்கவும் இல்லை. குரல் வந்த பக்கம் திரும்பிக் கையை நீட்டினார்.

"அப்போ நீயும் வா. சேந்தே இறங்குவோம்."

நீட்டிய கையில் ஆவி மட்டும் வந்து படிந்தது. அவளுடைய வளையல் சத்தம் ஓர் எட்டு பின்னால் போயிற்று.