முழங்காலா, மணிக்கட்டா?

"ஸ்கீதான் அம்மா. ஸ்னோபோர்ட் எனக்கு வேண்டாம்."

பள்ளிக்கூடம் அனுப்பிய படிவத்தை நீட்டினாள் சயந்தினி. பெப்ரவரி விடுமுறையில் ஒஸ்திரியாவுக்குப் பனிச்சறுக்குப் பயணம். இரண்டில் ஒன்றுக்கு அடையாளமிட வேண்டும்.

தாய் றூபினியின் கண் சுவர் நாட்காட்டிக்குப் போனது. ஓகஸ்டில் மகளின் பரதநாட்டிய அரங்கேற்றம். மண்டபம் எடுத்தாயிற்று, அழைப்பிதழும் அச்சுக்குப் போய்விட்டது. தான் ஆட ஆசைப்பட்ட வயதில் பதுங்குகுழிக்குள் கிடந்தவள் அவள். மகளாவது மேடையேற வேண்டும் என்றுதான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தாள்.

என்றாலும், ஒன்பது வருடமாய் ஒரு சனிக்கிழமை தவறாமல் வகுப்புக்குப் போன பிள்ளை முதன்முதலாய்க் கேட்டது இது. மறுக்க மனம் வரவில்லை.

"ஸ்னோபோர்ட்டிலதான் காயம் கூடுதல் அம்மா. நான் எல்லாம் வாசிச்சுப் பார்த்தனான்."

எவ்வளவு பொறுப்பான பிள்ளை! றூபினிக்குப் பெருமை பிடிபடவில்லை. இருந்தாலும் கிழக்கு லண்டனில் பிசியோதெரபிஸ்டாக இருக்கும் தம்பி யதுசனுக்கு ஃபோன் போட்டு, மகள் சொன்னதைச் சொல்லி, ஸ்பீக்கரில் வைத்தாள்.

"அவள் சொல்லுறது சரிதான் அக்கா. ஆனா ஸ்னோபோர்ட்டில ரெண்டு காலும் ஒரே பலகையில. விழேக்க கையை ஊண்டுவினம், மணிக்கட்டு முறியும். ஸ்கீயில காலுக்கொரு பலகை. ஒரு கால் திருகுப்பட்டா முழங்கால் சவ்வு அறுந்திடும்."

"எது கெதியாச் சுகமாகும்?"

"மணிக்கட்டு ஆறு கிழமை, ஒண்டரை மாசம்தான். முழங்கால் எண்டா ஒப்பரேஷன், ஒன்பது மாசமாவது ஆட ஏலாது."

"நிச்சயமா ஒன்பது மாசமா மாமா?" சயந்தினியின் குரல் நடுங்கியது.

பாவம், பிள்ளை பயந்துவிட்டாள். றூபினி பேனாவை எடுத்து ஸ்னோபோர்ட்டுக்கு நேரே அடையாளமிட்டுக் கையெழுத்தும் வைத்தாள்.

சயந்தினி அந்தத் தாளையே பார்த்துக்கொண்டு நின்றாள். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

"என்னடி குஞ்சு? பயப்பிடாத. அப்பிடி விழுந்தாலும் கைதானே, ஆறு கிழமையில பொருந்திடும்."

"பயமில்லை அம்மா," என்றாள் சயந்தினி. "ஆறு கிழமை காணாது. ஓகஸ்ட் தாண்டினாத்தான் அரங்கேற்றம் நிக்கும்."