சீல் பிரிக்காத பெட்டி

“கசியுதே லிங்கேஸ்வரன், பாத்தீங்களா?” என்றார் டாக்டர் சத்யப்பிரியா.

லிங்கேஸ்வரன் பார்த்தான். தட்டில் கிடந்த ஆட்டு ரத்தக்குழாயின் சுட்டு ஒட்டிய முனை வாய் திறந்துகொள்ள, ஊசி வழியே ஏற்றிய தண்ணீர் பொட்டுப் பொட்டாகச் சொட்டியது. அவனுக்கு வாயெல்லாம் பல். கசிந்தது அவன் விற்க வந்த கருவி ஒட்டியது அல்ல, போட்டிக் கம்பெனிக் கருவி ஒட்டியது.

கருப்பை எடுக்கும் ஆபரேஷனில் ரத்தக்குழாயை நூல் போட்டுக் கட்டாமல், கரண்டில் சுட்டு ஒட்டிவிட்டு வெட்டுகிற கருவி அது. ராஜபாளையத்தில் இந்த டாக்டரம்மாவின் ஆஸ்பத்திரியில் போட்டிக் கம்பெனிக்காரன் நெடுநாளாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். அவனை எழுப்பாவிட்டால் இந்த மாதமே லிங்கேஸ்வரனின் சீட்டு கிழிந்துவிடும் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். அதனால்தான் ஸ்ரீவில்லிபுத்தூர் கறிக்கடையில் கெஞ்சி வாங்கிய குழாய்களைச் சோற்று டப்பாவில் அடைத்துக்கொண்டு விடிந்ததும் பஸ் ஏறியிருந்தான்.

“இப்ப நம்மளோடதப் பாருங்க மேடம்.”

டெமோவுக்குக் கொண்டுவந்த கருவியால் குழாயைக் கவ்வி, பொத்தானை அழுத்தினான். லேசாகப் புகை எழுந்து கறி கருகும் வாடை வந்தது. நர்ஸ் பிரிஸ்கில்லா ஊசியால் தண்ணீரை ஏற்றினாள். எவ்வளவு அழுத்தியும் ஒரு சொட்டு வரவில்லை.

டாக்டர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்தார். “பக்கத்துல சூடு எம்புட்டுத் தூரம் பரவுது? ஒட்டுனாப்புலயே சிறுநீர்க்குழாய் போகும். அதச் சுட்டுட்டா நாளைக்கு ஆபரேஷனுக்குப் படுக்கப்போற அம்மா பாடு திண்டாட்டம்.”

“அவன் கருவியில பாதிகூட இல்ல மேடம். சூட்டுல வெளுத்த எடம் நூலளவுதான்.”

“கட்டி பெருசு. ரெண்டு சிசேரியன் வேற ஆயிருக்கு, உள்ள எல்லாம் ஒட்டிக் கெடக்கும். ஒடம்புல ரத்தமும் கம்மி. ஒரு சொட்டு வீணாப் போகக்கூடாது. தடிச்ச குழாயா இன்னொண்ணு சுடுங்க.”

சுட்டான். மறுபடியும் சுடச் சொன்னார். டப்பா காலியாகும்வரை விடவில்லை. லிங்கேஸ்வரனுக்கே மனசு நெகிழ்ந்தது. அவன் பை தூக்கிய இடங்களிலெல்லாம் முதல் கேள்வி விலைதான். இங்கே அந்தப் பேச்சே எழவில்லை.

“அந்தம்மா குடுத்து வச்சவங்க மேடம்” என்று மனசாரச் சொன்னான். பிரிஸ்கில்லா முகத்தைத் திருப்பிக்கொண்டு தட்டைத் துடைத்தாள்.

இனியும் தாமதிக்கக் கூடாது என்று தொழில் ரகசியத்தை அவிழ்த்தான். “பெட்டியில ஒருத்தருக்கு ஒரு தடவைதான்னு போட்டிருக்கும். அது சட்டத்துக்கு. கழுவிச் சுத்தம் பண்ணுனா பத்து கேஸுக்குத் தாராளமா வரும். எல்லா ஊர்லயும் அப்படித்தான் ஓட்டுதாக.”

“தெரியும். இங்கயும் அதான். இப்பக் கசிஞ்சுச்சே, அது எத்தன கேஸ் பாத்துச்சுன்னு எங்களுக்கே கணக்கில்ல.”

அப்படியானால் தேய்ந்த பழசோடு புதுசை மோதவிட்ட இந்தப் போட்டியே நியாயமில்லை என்று லிங்கேஸ்வரனுக்குப் புரிந்தது. ஆனால் வலிய வந்த சீதேவியைக் காலால் எத்துவார்களா? டெமோக் கருவியைத் துடைத்துப் பைக்குள் வைத்தான்.

“நாளைக்கு மட்டும் புதுசு வேணும்” என்றார் டாக்டர். “நீங்க டெமோ காட்டுனது வேண்டாம். சீல் பிரிக்காத பெட்டி.”

“கையிலயே இருக்கு மேடம்.”

டாக்டர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சீலை நகத்தால் தடவிப் பார்த்துவிட்டு, தம் பீரோவில் வைத்துப் பூட்டினார்.

லிங்கேஸ்வரன் பையைத் தோளில் மாட்டினான். “பெரிய எடத்து ஆளா மேடம்?”

“நான்தான். மதுரையில இருந்து டாக்டர் வந்து பண்ணுதாக.”

அவனுக்கு ஒருமாதிரி ஆகிவிட்டது. “எல்லாம் நல்லபடியா முடியும் மேடம்” என்று முணுமுணுத்தான்.

பிரிஸ்கில்லா கசிந்த கருவியைக் குப்பைக் கூடைக்கு மேலே பிடித்துக்கொண்டு, “அப்ப இதத் தூரப் போட்டுறவா டாக்டரம்மா?” என்று கேட்டாள்.

“ஏன், அதுக்கென்ன கேடு? நல்லாக் கழுவி வை. வியாழக்கிழமை ஆபரேஷனுக்கு வர்ற வன்னியம்பட்டிக்காரிக்கு ஆகும்.”