இடுப்பு உயரத்துப் பள்ளங்கள்

அன்றைக்கு மலேசியாவின் ஈப்போ நகரத்து அந்த வீட்டில் இருந்தவர்கள் நாலு பேர். பெயிண்டர் பஹாரின், அவருடைய கூட்டாளி இத்ரிஸ், வீட்டு மருமகள் யோக் லான், உள்ளறையில் அவளுடைய மாமியார்.

மறுநாள் சீனப் புத்தாண்டு. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் யோக் லானின் புருஷன் அன்று சாயங்காலமே விருந்துக்கு வந்துவிடுவான்.

கூடம், சமையலறை, அறைகள் எல்லாம் பட்டி பார்த்து, உப்புத்தாள் தேய்த்து, பெயிண்ட் அடித்துப் பளபளவென்று ஆகிவிட்டன. நடைச் சுவர் மட்டும்தான் பஹாரினை உறுத்திக்கொண்டே இருந்தது. மாமியாரின் அறையிலிருந்து குளியலறையைத் தாண்டிக் கூடத்துக்கு வரும் சுவர்.

"இதுக்கு மட்டும் பட்டி வேணாம்ணே. மேலாக்க ஒரு கோட் ஓட்டிவிட்டாப் போதும்" என்று யோக் லான் முதலிலேயே சொல்லியிருந்தாள்.

"குழி குழியா இருக்கே தங்கச்சி? பெயிண்ட் ஏறினா இன்னும் பல்லை இளிக்கும்."

"இளிச்சா இளிக்கட்டும்."

சொன்ன மாதிரியே இளித்தது. விரல் நுனி அளவுப் பள்ளங்கள். எல்லாம் ஒரே உயரம், இடுப்பு உயரம்.

"ஆணி பிடுங்கின ஓட்டையா இது? இவ்வளவு கீழே எவன் படம் மாட்டுவான்?" என்றார் பஹாரின்.

"குள்ளனாப் பொறந்தவன் மாட்டியிருப்பான்" என்றான் இத்ரிஸ். பிறகு குரலைத் தாழ்த்தினான். "விஷயம் வேற. பக்கத்து வீட்டம்மா சொன்னாங்க. கிழவி தானா நடமாட முடியலைன்னா இந்த வருஷமே முதியோர் இல்லத்துல விட்டுட்டு, பொண்டாட்டியைச் சிங்கப்பூருக்குக் கூட்டிட்டுப் போறானாம் மகன். இன்னைக்கு அதைப் பார்க்கத்தான் வர்றான்."

"அதுக்கும் சுவருக்கும் என்ன?"

"துரத்தப்போற ஆளு நடக்கிற சுவருக்குப் பட்டி என்னத்துக்குன்னு நெனைக்கிறா மருமக. நேத்து கிழவியை அறையை விட்டே வெளியில விடலை, கவனிச்சீங்களா? சாப்பாடுகூட உள்ளேதான் போச்சு. பாவம்!"

யோக் லான் வாத்து வறுவல் வாங்கச் சந்தைக்குக் கிளம்பியதும் பஹாரின் பட்டி டின்னைத் திறந்தார்.

"காசு யாரு குடுப்பா?" என்றான் இத்ரிஸ்.

"உன் பாக்கெட்டையா கேட்டேன்? இல்லத்துக்குப் போறதுன்னாலும் அந்தம்மா ஒரு நாளாவது நல்ல சுவர் ஓரமா நடந்துட்டுப் போகட்டும்."

ஒவ்வொன்றாக அடைத்தார். மொத்தம் பதினொன்று. வெள்ளைச் சுவரில் வெள்ளைப் பட்டி, இருந்த இடம் தெரியவில்லை. காய்ந்ததும் ஒரு தேய்ப்பு, ஒரு கோட். அவ்வளவுதான் பாக்கி.

காய்வதற்குள் யோக் லான் வந்துவிட்டாள்.

சுவரைப் பார்த்தவள் வாத்துப் பொட்டலத்தை அப்படியே தரையில் வைத்தாள்.

"அண்ணே... அந்தப் பள்ளமெல்லாம் எங்கே?"

"அடைச்சிட்டேன் தங்கச்சி. இதுக்குத் தனியா காசு வேணாம்."

அவள் வாயைத் திறப்பதற்குள் உள்ளறைக் கதவு திறந்தது. கிழவி வந்தாள். நிமிர்ந்த நடை. இடது கை மட்டும் சுவரைத் தடவிக்கொண்டே வந்தது. குளியலறை வாசலைத் தாண்டினாள். நின்றாள். திரும்பி வந்தாள். மறுபடி தாண்டினாள். விரலெல்லாம் ஈரப் பட்டி.

பஹாரின் நேர் எதிரே நின்றுகொண்டிருந்தார். அவள் பார்வை அவரைத் துளைத்துக்கொண்டு எங்கோ போனது.

"யோக் லான்" என்று மெதுவாகக் கூப்பிட்டாள் கிழவி. "என் சுவரை யாரு எடுத்துட்டுப் போனது?"

யோக் லான் ஓடிப்போய் அத்தையின் கையைப் பிடித்தாள்.

"ஆறு மாசமாச்சு கண்ணு போயி" என்றாள் யோக் லான். "எங்க வீட்டுக்காரருக்குத் தெரியாது. தெரிஞ்சா அத்தையை இல்லத்துல விட்டுடுவாரு. திருப்புளியால நான்தான் ஒவ்வொண்ணா குத்தினேன். ரெண்டு சேர்ந்து இருந்தா குளியலறை. மூணு இருந்தா படி. பழகறதுக்கே ரெண்டு மாசம் ஆச்சு. நேத்து ஈரப் பெயிண்டுல கை வச்சிடுவாங்கன்னுதான் வெளியில விடலை."

இத்ரிஸ் தன் செருப்பைப் பார்த்தான்.

பஹாரின் மண்டியிட்டார். கட்டைவிரலைச் சுவரில் வைத்து அழுத்தினார். பட்டி இன்னும் இளக்கமாகத்தான் இருந்தது.

"சொல்லுங்க பெரியம்மா. எங்கெங்கே?"

"உன் விரலு தடிச்ச விரலுடா தம்பி. பெருசாக் குடைஞ்சிடாதே" என்றாள் கிழவி. அவருடைய மணிக்கட்டைப் பிடித்து இடம் காட்டினாள். ஒன்று. பக்கத்திலேயே இன்னொன்று. படிக்கு மூன்று. யோக் லான் பின்னாலேயே ஈரத்துணியால் கசிவைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

வாசலில் கார் ஹாரன் கேட்டது.

"கடைசி ஒண்ணு. சாப்பாட்டு மேசைக்குத் திரும்பற இடம்" என்றாள் யோக் லான்.

பஹாரின் அழுத்தினார். முதலில் அடைத்தது அது. ஜன்னல் வெயிலில் கல்லாகியிருந்தது.

"இறுகிப்போச்சு தங்கச்சி. உடைச்சா சத்தம் கேக்கும், தூசி பறக்கும்."

"விடுங்க. அங்கே நான் நிக்கறேன்."

மகன் பெட்டியோடு உள்ளே வந்தபோது, கிழவி தன் அறையிலிருந்து புறப்பட்டிருந்தாள். சுவரைத் தொட்டும் தொடாமலும் நடந்தாள். படியில் சரியாகக் கால் வைத்து இறங்கினாள். நடை முடியும் இடத்தில் அவள் கை மருமகளின் முழங்கையில் பட்டது. திரும்பினாள். நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

"அம்மா நல்லாத்தானே நடக்கறாங்க!" என்றான் மகன். பிறகு மனைவியைப் பார்த்தான். "அப்போ இந்த வருஷமும் உனக்குச் சிங்கப்பூர் கிடையாது."

"கிடையாது" என்றாள் யோக் லான். வாத்து வறுவலைத் தட்டில் அடுக்கத் தொடங்கினாள்.

பஹாரின் பட்டி டின்னை இறுக மூடினார். புத்தாண்டு கழிந்ததும் முதல் வேலையாக இங்கே வர வேண்டும் என்று மனசுக்குள் குறித்துக்கொண்டார். திறக்க வேண்டிய பள்ளம் பாக்கி: ஒன்று.