பச்சை எரிந்தால் காப்பி

காலை ஏழு மணிக்குச் சண்டை. அதுதான் மூட்டுவாதத்துக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்து. பிலோமினாவுக்குக் கோபம் வந்தால் அவள் உடம்பே ஸ்டீராய்டைச் சுரக்கும். மூட்டுகளை வீங்கவைக்கும் சைட்டோகைன்களைச் செல்கள் உண்டாக்குவது குறையும். அது நடந்ததும் அவள் மணிக்கட்டில் டாக்டர் கட்டிவிட்ட கைப்பட்டையில் பச்சை விளக்கு எரியும். கோபமூட்ட வேண்டியது அவள் கணவன் சூசைமாணிக்கத்தின் பொறுப்பு.

நாற்பது நாளாக அவன் அதைச் சிரத்தையாகச் செய்துவந்தான். குழம்பைக் குறை சொன்னான். அவளுடைய அண்ணன் பேச்சை எடுத்தான். பிள்ளை இல்லாததைக்கூட ஒருநாள் சொல்லிக்காட்டினான். விளக்கு எரிந்ததும் இருவரும் உட்கார்ந்து காப்பி குடிப்பார்கள். இவள் எவ்வளவு நன்றாக நடிக்கிறாள் என்று அவன் மனதுக்குள் மெச்சிக்கொள்வான்.

இன்று சண்டை முடிந்து அவன் காப்பியோடு வந்தபோது, பிலோமினா பையில் புடவைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"என்ன பிலோ, பச்சைதான் எரிஞ்சிருச்சே. இன்னைக்குள்ளது முடிஞ்சுதுல்ல?"

"அண்ணன் வீட்டுக்குப் போறேன்."

அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "எல்லாம் மருந்துக்குத்தானேம்மா சொன்னேன்? நீயும் சும்மாதானே கோபப்பட்டே?"

"நடிச்சா பச்சை எரியாதுன்னு டாக்டர் மொத நாளே எங்கிட்ட சொன்னாருங்க" என்றாள் அவள்.

சந்தோஷப்படுவதா, தடுப்பதா என்று தெரியாமல் அவன் இரண்டு தம்ளர்களோடும் நின்றான். போன மாதம் கரண்டி பிடிக்க முடியாதிருந்த விரல்களால், அவள் பையின் ஜிப்பை ஒரே இழுப்பில் மூடினாள்.