எஸ்.எம்.எஸ். அனுப்பப்பட்டது

"முதலாளி, சொல்லக் கூடாதுதான். ஆனா ரிசப்ஷன்ல வரலட்சுமிக்கா காலையிலருந்து செல்லுல பேசிக்கினே இருக்காங்க."

தணிகாசலம் முதலாளி கண்ணாடியைக் கழற்றினார். திருத்தணி மலையடிவாரத்தில் லாட்ஜ் வைத்திருப்பவர். நாளை மறுநாள் ஆடிக் கிருத்திகை. ஓர் அறைகூடக் காலி இல்லை.

"யாராண்ட பேசுது?"

"எனக்கு இன்னா தெரியும்? பாதி தெலுங்கு, பாதி தமிழு. நைனாங்கறாங்க, பாவாங்கறாங்க. முட்டி வலி எப்டி இருக்கு, சாப்டீங்களான்னு ஒரே விசாரிப்பு. சொந்தக்காரங்கதான். ரெண்டு வாரமா இதே வேலைங்க."

இந்த லாட்ஜில் வேலை நேரத்தில் வேலை செய்கிற ஒரே ஆள் நான்தான் என்பதை நாசூக்காகச் சொல்லிவிட்ட திருப்தி எனக்கு.

என் வேலை லாட்ஜின் வெப்சைட்டைப் பார்த்துக்கொள்வது. அதை எழுதிய ஹரீஷ், பெங்களூரில் வேலை கிடைத்துப் போய்விட்டான். அவனுடைய நாற்காலியும் புரோகிராமும் எனக்கு வந்தன. நாற்காலி பரவாயில்லை. புரோகிராம் அரதப்பழசு. அதைத் தாங்கி நின்ற ஃபிரேம்வொர்க்கும் பழைய வெர்ஷன். வந்த வாரமே புது வெர்ஷனுக்கு மாற்றினேன். யாரும் கேட்கவில்லை, நானாகத்தான்.

மாற்றியதும் திறந்த பக்கமெல்லாம் எரர்.

"இன்னாபா இது?" என்றார் முதலாளி அன்றைக்கு.

"ஃபிரேம்வொர்க்னா வீட்டுக்கு அஸ்திவாரம் மாதிரிங்க. அதை மாத்தியிருக்கேன்."

"மேல வீடு நிக்கசொல்ல அஸ்திவாரத்தை எதுக்குபா மாத்தனே?"

நான் அவசரமாக ஸ்கிரீனை அணைத்தேன்.

"கிருத்திகைக்கு வர்ற ஜனத்துல ஒருத்தராவது ரூம் இல்லாம தெருவுல நின்னா, நீ பெட்டியைக் கட்டிக்கினு மணவூருக்கே போயிடு" என்றார்.

மணவூரில் என் சம்பளத்தை நம்பித் தங்கையைக் கல்லூரியில் சேர்த்திருந்தார்கள். பயந்துபோய், சோறு தண்ணி மறந்து உட்கார்ந்தேன். ஹரீஷைத் திட்டிக்கொண்டே ஒவ்வொரு பக்கமாகச் சரிசெய்தேன். சரியாகாத இடங்களில், 'எரர் வந்தால் காட்டாதே' என்று ஒரு வரி சேர்த்தேன். அற்புதமான வரி. அதன் பிறகு எரரே வரவில்லை. யாராவது அறை பதிவு செய்தால், 'எஸ்.எம்.எஸ். அனுப்பப்பட்டது' என்று பச்சை எழுத்தில் பளிச்சென்று வந்தது. அந்த எஸ்.எம்.எஸ். கிடைத்தால்தான் அறை உறுதி.

லாட்ஜ் முழுக்க ஜிலேபி வாங்கிக் கொடுத்தேன்.

மறுநாளே வரலட்சுமிக்கா வந்து நின்றார். கே.ஜி.கண்டிகையிலிருந்து பஸ்ஸில் வருகிறவர்.

"தம்பி, நகரியிலருந்து ஒருத்தர் கேட்டாரு. எஸ்.எம்.எஸ். வரலியாம்."

"அவர் போன்ல இன்பாக்ஸ் ஃபுல்லா இருக்கும்க்கா. அழிக்கச் சொல்லுங்க."

"ஆங், இருக்கும்" என்று போய்விட்டார். என் ஜிலேபியைத் தின்றுவிட்டு என் வேலையிலேயே குறை சொல்கிறாரே என்று எனக்கு வந்த கோபம் இன்றுவரை தீரவில்லை.

அதற்குத்தான் இன்று வேளை வந்தது. முதலாளி அவரைக் கூப்பிட்டார்.

"இன்னாமா, டூட்டி நேரத்துல யாராண்ட இவ்ளோ பேச்சு?"

வரலட்சுமிக்கா என்னை ஒரு முறை பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

"தெரிஞ்சவங்கதாங்க."

"செல்லை இங்க வையி. கிருத்திகை முடிஞ்சி வாங்கிக்கோ."

"இன்னும் நாலு பேருக்கு மட்டும்..." என்று இழுத்தார்.

"ஒருத்தருக்கும் வாணாம்."

செல்போனை மேஜை டிராயரில் வைத்துப் பூட்டினார் முதலாளி. நான் நிம்மதியாக ரிசப்ஷன் பக்கம் வந்தேன்.

அங்கே புத்தூரிலிருந்து ஒரு குடும்பம் காவடியோடு வந்து இறங்கியிருந்தது. வயதான அம்மாவைக் கைத்தாங்கலாகப் பிடித்திருந்தவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"கம்ப்யூட்டரைப் பாத்துக்கறது நீதானா பாபு?"

"ஆங், நான்தாங்க." காலரைச் சரிசெய்துகொண்டேன்.

"ரொம்ப மரியாதை தெரிஞ்ச கம்ப்யூட்டரு."

"எஸ்.எம்.எஸ். கரெக்டா வந்துச்சுங்களா?"

"எஸ்.எம்.எஸ். ஒண்ணும் வரலியே. போன்ல இல்ல பேசிச்சி. பொம்பளைக் குரலு, நல்ல தெலுங்கு. 'லாட்ஜ் கம்ப்யூட்டர்லருந்து பேசறோம், உங்க ரூம் கன்ஃபார்ம்'னு சொல்லிச்சி. எங்கம்மாக்கு முட்டி வலின்னேன், உடனே கீழ் ரூமா மாத்திக் குடுத்திச்சி. சாப்டீங்களான்னு கூட கேட்டுச்சி பாபு."

நான் எழுதிய புரோகிராமில் யாரையும் சாப்பிட்டீர்களா என்று கேட்கும் வரி இல்லை.

ஓடிப்போய் அந்த அற்புதமான வரியை அழித்தேன். திரை முழுக்கச் சிவப்பு. ரெண்டு வாரமாக ஒரு எஸ்.எம்.எஸ். கூடப் போகவில்லை.

வரலட்சுமிக்கா வெறுங்கையோடு கவுன்டரில் உட்கார்ந்திருந்தார்.

"ஏன்க்கா எங்கிட்ட சொல்லல?"

"சொன்னேனே தம்பி. இன்பாக்ஸ் ஃபுல்லுன்னியே."

"முதலாளிகிட்டயாவது சொல்லியிருக்கலாமேக்கா?"

"முதலாளியாண்ட சொன்னா உன்னைப் பெட்டி கட்டச் சொல்லுவாரு. பாவம், ஜிலேபிலாம் வாங்கியாந்தே" என்றார். "அத்த விடு. இன்னும் நாலு குடும்பத்துக்குச் சொல்லணும். லாட்ஜ் போன்ல வெளியூர் போவாது. ரூம் இல்லன்னு நெனச்சிக்கினு தெருவுல நிக்கப் போறாங்க."

முதலாளி அறைக்குப் போனேன். கதவைத் தட்டினேன்.

"இன்னாபா, மறுபடியும் யாரைப் பத்தி?"

"என்னைப் பத்திதாங்க. அந்த டிராயரைத் திறங்க முதலாளி. ரெண்டு வாரமா நம்ம லாட்ஜுல ஓடுற ஒரே கம்ப்யூட்டர் அதுக்குள்ளதான் இருக்கு."