சாய்லானின் காட்டுப் பியோனி

“இன்னைக்கும் வெள்ளையா ஒண்ணு கிடைக்கலையாடி உனக்கு? காட்டுப் பியோனின்னா வெள்ளைதான்னு சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியுமே” என்று பல்லைக் கடித்தாள் ஷூஜென்.

மகள் சாய்லான் அசரவில்லை. பக்கத்து வீட்டுத் தோட்டத்தில் கேட்டு வாங்கி வந்த கொழுத்த சிவப்புப் பூவைச் செடியின் முன்கிளையில் வைத்து நூலால் கட்டினாள். முடிச்சை இலைக்குள் மறைத்தாள்.

“கல்யாணம் பேச வர்றவங்களுக்கு வெள்ளைப் பூவைக் காட்டுவாங்களாம்மா? இதென்ன சாவு வீடா?”

ஷூஜென்னுக்கு ஒரு வாரமாக ஜலதோஷம் வேறு. மூக்கைச் சிந்திக்கொண்டு உள்ளே போனாள்.

வினையெல்லாம் தரகு பேசும் மீ அத்தை இழுத்து வைத்தது. மலையிலிருந்து விதை பொறுக்கி வந்து, சாய்லான் ஆறு வருடமாக அந்தச் செடியை வளர்ப்பது உண்மை. அது பூத்து ஷூஜென் பார்த்ததே இல்லை என்பதும் உண்மை. அத்தையோ, “காட்டுப் பியோனியையே முற்றத்தில் பூக்க வைத்த பொறுமைசாலி, எந்த மாமியாரோடும் குப்பை கொட்டுவாள்” என்று லிந்தாவ் ஊர் முழுக்க அளந்துவிட்டாள். கேட்டவர்கள் சும்மா இருப்பார்களா? பெண்ணோடு பூவையும் பார்க்க வருகிறோம் என்றார்கள். நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சாய்லான் தைரியமாகச் சொன்னபோது, இந்த நூல் வேலையை ஷூஜென் எதிர்பார்க்கவில்லை.

முந்தாநாளே ஒரு கூட்டம் வந்து போனது. வங்கியில் வேலை பார்க்கும் மாப்பிள்ளை. அன்றைக்குக் கட்டிய சிவப்புப் பூவுக்குப் பக்கத்தில் நின்று மூன்று போட்டோ எடுத்துக்கொண்டு, இப்படி ஒரு பூவைப் பார்த்ததே இல்லை என்றான். அவர்களுக்குப் பிடித்துப்போயிற்று. சாய்லான்தான் மாட்டேன் என்றுவிட்டாள். காரணம் கேட்டால் சிரிக்கிறாள். இருபத்தொன்பது வயதுப் பெண்ணுக்கு இந்தத் திமிர் ஆகாது, இன்றைக்கு வருவதையும் தட்டிவிட்டால் இனி இந்த வாசலை மிதிக்க மாட்டேன் என்று மீ அத்தை கறாராகச் சொல்லியிருந்தாள்.

பத்து மணிக்கு வந்தார்கள். மாப்பிள்ளை தேஷெங் தண்ணீர் பம்பு பழுது பார்ப்பவன். அதிகம் பேசவில்லை. நீலக் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு முற்றத்தில் நின்றான்.

அவனுடைய அம்மா சிவப்புப் பூவைக் கண்டு உருகிப்போனாள். முற்றமே மணக்கிறதே என்றாள். மூக்கடைத்துக்கொண்டிருந்த ஷூஜென், மரியாதைக்குச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டாள்.

தேஷெங் மட்டும் குனிந்து பூவை முகர்ந்தான். நிமிர்ந்தான். மறுபடி முகர்ந்தான். பிறகு காற்றை முகர்ந்தபடியே செடியைச் சுற்றிக்கொண்டு மதில் பக்கம் போய்விட்டான். அங்கே வெயிலுக்காகச் சாய்லான் ஒரு கோரைப்பாயைத் தொங்கவிட்டிருந்தாள்.

போனவன் வரவேயில்லை. முடிச்சைப் பார்த்திருப்பான், மானம் கப்பலேறப் போகிறது என்று ஷூஜென் பதறினாள். சாய்லானோ இலந்தைப் பழமும் கற்கண்டும் போட்ட தேநீர்க் கிண்ணங்களை நிதானமாக எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள்.

ஒருவழியாக வந்தான். முழங்காலில் மண். பூவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. உட்கார்ந்து தேநீரைக் குடித்து முடித்த பிறகு வாய் திறந்தான்.

“எனக்குச் சம்மதம். ஆனா கல்யாணத்தை இலையுதிர் காலத்துல வச்சுக்கலாம்.”

அடுத்த மாதமே நல்ல நாள் இருக்கிறதே என்றாள் அவன் அம்மா. மீ அத்தையும் மன்றாடினாள். அவன் அசைந்து கொடுக்கவில்லை. சாய்லான் தேயிலை தங்கியிருந்த அவனுடைய கிண்ணத்தில் மறுபடி வெந்நீர் ஊற்றினாள்.

அவர்கள் தலை மறைந்ததும் ஷூஜென் உடைந்துபோனாள்.

“நூலைப் பார்த்துட்டான்டி. மூஞ்சிக்கு நேரா சொல்ல மனசில்லாம, நாசூக்கா தள்ளிப்போட்டுட்டுப் போறான். எல்லாம் போச்சு.”

“அம்மா, பியோனியை எப்போ பிடுங்கி வேற இடத்துல நடணும்?”

“இலையுதிர் காலத்துல. வசந்தத்துல பிடுங்கி நட்டா கிழடு தட்டினாலும் பூக்காது, ஊருக்கே தெரிஞ்சது. அதுக்கும் இதுக்கும் என்னடி?”

“அந்த வீட்டுக்கு நான் மட்டும் போகலை. இதுவும் வருது.”

“பூக்காத செடியை எவன்டி கேட்டான்?”

சாய்லான் அம்மாவின் கையைப் பிடித்து மதில் பக்கம் கூட்டிப் போய்ப் பாயை விலக்கினாள்.

இலைகளுக்குள் ஒரே ஒரு பூ. பளீரென்று வெள்ளை, ஒவ்வொரு இதழின் அடியிலும் கருஞ்சிவப்பாக ஒரு பொட்டு. பாரம் தாங்காமல் சாய்ந்திருந்த காம்புக்கு யாரோ ஒரு சுள்ளியை ஊன்றி முட்டுக் கொடுத்து, நீலக் கைக்குட்டையைக் கிழித்து இறுக்காமல் கட்டியிருந்தார்கள்.

ஷூஜென் கைக்குட்டை முடிச்சைத் தொட்டுப் பார்த்தாள். எப்போது பூத்தது என்று கேட்டாள்.

“அஞ்சு நாளாச்சும்மா. பொண்ணு பார்க்க வர்றாங்கன்னு நீ பயந்துக்கிட்டே இருந்தே. நான் சிவப்புப் பூவை முன்னாடி கட்டிட்டு, மாப்பிள்ளை பார்த்துக்கிட்டிருந்தேன்.”