கொலைகாரன் பிடிபட்ட மாலை

வெயில் சாய்கிறது. பூயெப்லா நகரில் எங்கள் தெருக் கதவுகளின் தாழ்ப்பாள்கள் ஒன்றன்பின் ஒன்றாக விலகுகின்றன. தனியாக வாழும் பெண்களைக் கழுத்தை நெரித்துக் கொன்றுவந்தவன் மதியம் சந்தையில் பிடிபட்டான் என்று வானொலி சொல்கிறது. அவன் கையிலிருந்து உயிர்தப்பிய ஒரே பெண், சோளரொட்டி சுடும் எடெல்மிரா. சந்தையில் தன் முதுகுக்குப் பின்னால் தக்காளி விலை கேட்ட குரலை அடையாளம் கண்டு, கூச்சல் போட்டு ஊரைக் கூட்டியவளும் அவள்தான். இப்போது மாவு அப்பிய கைகளோடு வாசலில் நிற்கிறாள். அவனிடம் தங்கையைப் பறிகொடுத்த ஒப்தூலியா எதிர்வீட்டிலிருந்து ஓடி வருகிறாள். “நீ போட்ட சத்தத்துல சந்தைக் கோழியெல்லாம் கூண்டை உடைச்சுக்கிட்டு ஓடிருச்சாமேடி!” “அன்னைக்கு அவன் என் கழுத்தைப் பிடிச்சப்ப சத்தமே வரலக்கா. அதையும் சேத்துக் கத்திட்டேன்,” என்கிறாள் எடெல்மிரா. “என் தங்கச்சிக்கும் சேத்துதான்டி கத்தியிருக்க.” ஒப்தூலியா அவளைக் கட்டிக்கொள்கிறாள். இருவரும் அழுதுகொண்டே சிரிக்கிறார்கள். யாரோ கிதாரை எடுத்து வாசிக்கத் தொடங்கிவிட்டார்கள். காகிதத் தோரணங்களுக்குக் கீழே தெரு நிறையப் பெண்கள் ஆடுகிறார்கள். எடெல்மிரா கழுத்தை மறைத்துச் சுற்றியிருந்த சால்வையை அவிழ்த்து ஜன்னல் கம்பியில் போடுகிறாள். தழும்பின்மேல் மஞ்சள் வெயில் விழுகிறது. “வாங்கக்கா,” என்று ஒப்தூலியாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஆட்டத்துக்குள் நுழைகிறாள்.